பொலிஸ் அறிக்கை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

திரும்பி வந்த முதல் மாதங்களில் உங்கள் வாசலுக்கு அறிமுகமில்லாத பலர் வருவார்கள். கூரைத் தகரம் அளக்க ஒருவர், பெயர்ப்பட்டியல் எழுத ஒருவர், பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த ஒருவர், மேசன் பாஸும் அவருடைய கையாட்களும், கடன் தருவதாகச் சொல்லிக்கொண்டு இன்னொருவர். நோட்டன் பிரிட்ஜுக்கு வெளியாட்கள் புதிதல்ல. லக்ஷபான மின்திட்டக் காலத்திலிருந்தே அணைக்கும் மின்நிலையத்துக்கும் ஆட்கள் வந்து போன ஊர் இது. ஆனால் இப்போது வருகிறவர்களுக்கு வேலையே உங்கள் வீட்டுக்குள்தான். அதுவும் பெரியவர்கள் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்ட நேரத்தில், பிள்ளைகளும் வயதான பாட்டியும் மட்டும் இருக்கும் வீட்டுக்குள்.

"நான் பொலிஸ் அறிக்கை எடுத்துத்தான் வந்திருக்கிறேன், பயப்பட வேண்டாம்" என்று அவர்களில் ஒருவர் சொன்னால் அதற்கு என்ன பொருள்? அந்தத் தாளை எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்தப் பாடம் அதைப் பற்றியது.

இரண்டு தாள்கள்

நம் நாட்டில் ஒருவரின் நடத்தைக்குச் சான்றாகப் பொதுவாகக் காட்டப்படுவது இரண்டு தாள்கள். முதலாவது கிராம உத்தியோகத்தர் தரும் வதிவிட, நற்சான்றிதழ். இவர் இந்தப் பிரிவில் எவ்வளவு காலமாக வசிக்கிறார், நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டவரா, நடத்தை எப்படி என்று அதில் எழுதப்படும். பிரதேச செயலாளர் மேலொப்பம் இடுவார். இரண்டாவது பொலிஸ் அறிக்கை. வெளிநாட்டு வேலைக்குப் போய் வந்த அக்காமாருக்கு இது நன்றாகத் தெரிந்த தாள். அந்தப் பெயரில், அந்த முகவரியில் வசித்த காலத்தில், அவருக்கு எதிராகப் பொலிஸ் பதிவுகளில் ஏதாவது உண்டா என்று பார்த்துத் தரப்படுவது.

இரண்டும் தேவையான தாள்கள்தான். சிறுவருடன் வேலை செய்ய வருகிறவரிடம் இவற்றைக் கேட்காமல் விடுவது தவறு. ஆனால் இரண்டும் சொல்வது ஒன்றே ஒன்று: எழுதி வைக்கப்பட்டதில் எதுவும் இல்லை என்பது. எழுதப்படாமல் போனது எந்தத் தாளிலும் வராது.

தோட்டப் பகுதியில் இதற்கு இன்னும் சில சிக்கல்கள் உண்டு. ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குள் பல தோட்டப் பிரிவுகள் அடங்கலாம். லயத்தில் உள்ள ஒவ்வொரு முகத்தையும் அவர் அறிந்திருப்பது கடினம். தோட்டத் தலைவரோ தோட்ட அலுவலகமோ சொல்வதை வைத்துத்தான் அவர் எழுத வேண்டியிருக்கும். லய வீடுகள் பலவற்றுக்கு இலக்கம் இல்லை. தோட்டத்துக்கு நாம் சொல்லும் பெயர் ஒன்று, பதிவேட்டில் உள்ள பெயர் வேறு. ஆட்களின் பெயரும் அப்படித்தான். அடையாள அட்டையில் செல்வராஜா, பிறப்புச் சான்றிதழில் செல்வராஜ், சிங்களத்தில் எழுதும்போது மூன்றாவது மாதிரி, லயத்தில் எல்லோரும் கூப்பிடுவது 'குட்டி'. பொலிஸ் பதிவேட்டில் எந்தப் பெயரைத் தேடினார்கள் என்பது தெரியாமல் "ஒன்றும் இல்லை" என்ற பதிலுக்கு அதிகப் பொருள் இல்லை.

பெயர் மாறினால் என்ன ஆகும்

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் சோஹம் என்ற சிறு ஊரில் 2002 ஆகஸ்ட் மாதம் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் அவ்வூர் இடைநிலைப் பள்ளி ஒன்றின் பராமரிப்பாளர். வேறொரு மாவட்டத்தில் அவர் வசித்த 1995 முதல் 1999 வரையான காலத்தில் இளம் பெண்கள் தொடர்பான பாலியல் குற்றச்சாட்டுகள் அவர்மீது பலமுறை பொலிஸுக்குப் போயிருந்தன. ஒன்றிலும் அவர் குற்றவாளியாகத் தீர்க்கப்படவில்லை. ஒவ்வொரு முறைப்பாடும் தனித்தனியாகப் பார்க்கப்பட்டு முடிந்துபோனது. அவற்றை ஒன்றுசேர்த்து யாரும் பார்க்கவில்லை. பள்ளி வேலைக்கு அவர் வேறு குடும்பப் பெயரில் விண்ணப்பித்தார். பழைய பெயரும் விண்ணப்பத்தில் இருந்தது. அந்தப் பெயரில் பதிவேடு சரியாகத் தேடப்படவில்லை.

இதை விசாரித்த சேர் மைக்கல் பிச்சார்ட் 2004 ஜூன் மாதம் அறிக்கை தந்தார். அதன் பலனாக 2006இல் அங்கே பாதிப்புக்குள்ளாகக்கூடியோரைப் பாதுகாக்கும் தனிச் சட்டம் வந்தது. சிறுவருடனும் இயலாதவர்களுடனும் வேலை செய்யத் தகாதவர்களின் பட்டியல் வைத்திருக்கவும், வேலைக்கு எடுக்குமுன் அதைப் பார்க்கவும் ஏற்பாடானது. அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே பெயரும் பதிவும் தவறின என்றால், இலக்கமில்லாத லயத்தில் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

"பேசி முடித்த" விடயங்கள்

இனிச் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்தால் பெரும்பாலும் முதலில் நடப்பது என்ன? தலைவர் வீட்டிலோ கோயிலடியிலோ பெரியவர்கள் கூடுவார்கள். பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்பார்கள். அந்த ஆள் மன்னிப்புக் கேட்பான், கொஞ்சம் பணமும் கொடுப்பான், பிறகு வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விடுவான். அங்கே அவன் முன்பள்ளிக்குச் சுண்ணாம்பு அடிக்க வரும்போது பொலிஸ் அறிக்கை கேட்டால், அது சுத்தமாக வரும். பொய்யான தாள் அல்ல அது. எழுதப்பட வேண்டியதை நாம் எழுதவிடவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளையின் மானத்தைக் காக்கத்தான் பெற்றோர் மௌனமாகிறார்கள் என்பது எமக்குப் புரிகிறது. அந்த அச்சத்தைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் சிறுவர் துஷ்பிரயோகம் குடும்பத் தகராறு அல்ல. இணக்க சபையிலோ தோட்டத் தலைவர் முன்னிலையிலோ பேசித் தீர்க்கக்கூடிய விடயமும் அல்ல. அது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வரும் குற்றம்.

யாரை யார் சோதிப்பது

கொழும்பில் வீட்டு வேலைக்கு நம் பிள்ளைகளை எடுப்பவர்கள் அடையாள அட்டைப் பிரதி கேட்பார்கள், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் கேட்பார்கள். திருடுவார்களோ என்று அவர்களுக்குச் சந்தேகம். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பிள்ளை எங்கே படுக்கும், அழைத்துப்போகும் தரகர் யார் என்று நாம் கேட்டால் மட்டும் அது மரியாதைக் குறைவாகிவிடுகிறது. சோதனை எப்போதும் ஏழையின் பக்கமே நடக்கிறது.

2021 ஜூலை மாதம் டயகம தோட்டத்தைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலை செய்தபோது தீக்காயங்களுக்கு ஆளாகி மருத்துவமனையில் உயிரிழந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவரை அங்கே சேர்த்துவிட்ட தரகரும் கைதானவர்களில் ஒருவர். வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்திய சட்டத்திருத்தம் வந்ததும் அதே 2021இல்தான். மண்சரிவில் வீடு போய், கடனும் ஏறியிருக்கும் காலத்தில் தரகர்கள் அதிகம் வருவார்கள். பெரும்பாலும் முற்றிலும் அந்நியராக வருவதில்லை. "மாமா" என்று கூப்பிடும் தூரத்து உறவாகவே வருவார்கள். அவரிடமும் அடையாள அட்டையைக் கேளுங்கள். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

எம்மையும் சோதியுங்கள்

நிவாரண அமைப்புகளில் வேலை செய்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று எண்ணுவதற்கு இடமில்லை. மேற்கு ஆபிரிக்காவின் அகதி முகாம்களில் உணவுக்கும் பொருளுக்கும் பதிலாகச் சிறுமிகள் பாலியல் சுரண்டலுக்கு உள்ளானதையும், அதில் நிவாரணப் பணியாளர்களும் இருந்ததையும் 2002இல் ஐ.நா. அகதிகள் நிறுவனமும் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பும் வெளிக்கொணர்ந்தன. மறு ஆண்டு ஐ.நா. செயலாளர் நாயகம் இதைத் தடைசெய்து விதிகள் வெளியிட்டார். 18 வயதுக்குக் குறைந்தவருடன் பாலியல் உறவு, உதவிக்குப் பதிலாக உடலைக் கேட்பது ஆகிய இரண்டும் அதில் முற்றாகத் தடுக்கப்பட்டன. அப்படியும் முடியவில்லை. ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பின் அங்கே பணியாற்றிய ஒக்ஸ்பாம் ஊழியர்கள் சிலரின் பாலியல் முறைகேடுகள் 2018இல் உலகச் செய்தியாயின. அங்கே பொறுப்பதிகாரியாக இருந்தவர், விலகிய பின்னர் பங்களாதேஷில் வேறொரு நிவாரண அமைப்பில் வேலை பெற்றிருந்தார்.

அதனால்தான் பொலிஸ் அறிக்கையுடன் நிற்காமல், முன்பு வேலை செய்த நிறுவனத்திடம் "இவர்மீது பாலியல் முறைகேட்டு விசாரணை நடந்ததா" என்று நேரடியாகக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கும் முறை 2019 முதல் நிவாரண அமைப்புகளிடையே பரவியது. எம்மிடம் வேலைக்கு வருகிறவர் தன் எல்லாப் பெயர்களையும், வசித்த எல்லா ஊர்களையும் எழுதித் தர வேண்டும். பொலிஸ் அறிக்கை வரும்வரை பிள்ளைகளுடன் தனியாக இருக்க அனுமதியில்லை. அறிக்கை வந்த பிறகும் இல்லை. வகுப்பு நடக்கும் அறையின் கதவு திறந்தே இருக்கும், இன்னொரு பெரியவர் அருகில் இருப்பார். எம் ஊழியர் ஒருவர் இதை மீறுவதைக் கண்டால் அவரிடமே சொல்லிச் சமாளிக்க வேண்டியதில்லை. அவருடைய மேலதிகாரியிடம் சொல்லலாம்; எமக்குச் சொல்லாமல் நேரே பொலிஸுக்கும் போகலாம்.

வாசலில் கேட்க வேண்டியது அதிகமில்லை. யார் அனுப்பியது, அடையாள அட்டை எங்கே, இதற்குமுன் எந்த ஊரில் வேலை செய்தீர்கள், அங்கே யாரைக் கேட்கலாம். கேட்டதைப் பிள்ளையின் பழைய கொப்பியில் திகதியுடன் எழுதி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுத் தம்பி, தங்கச்சியிடம் சொல்லி எழுதுங்கள். நிவாரணப் பொருளுக்கோ பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கோ பணம், உடல், பிள்ளையின் படம் எதையும் ஒருவரும் கேட்க உரிமையில்லை. தனியாக இருக்கும் முதியவருக்கும், காது கேளாத அல்லது புத்தி வளர்ச்சி குறைந்த பிள்ளைக்கும் பக்கத்து வீட்டார் ஒருவர் பொறுப்பாக இருப்பது நல்லது. பாட்டியின் கொடுப்பனவை வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

பழைய வழக்கு உள்ளவர்கள்

இதைப் படிக்கும்போது சிலருக்கு நெஞ்சு படபடக்கும். யுத்த காலத்தில் சந்தேகத்தில் பிடிக்கப்பட்டு, ஒன்றுமில்லை என்று விடப்பட்ட மலையக இளைஞர்கள் பலர். கசிப்பு வழக்கில் தண்டப்பணம் கட்டியவர்களும் இருக்கிறார்கள். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம்: எம்மிடமிருந்து நிவாரணம் பெற எந்தக் குடும்பமும் பொலிஸ் அறிக்கை தரவேண்டியதில்லை. வேலைக்கு விண்ணப்பித்தால் மட்டுமே கேட்போம். அப்போதும் பார்ப்பது அந்தக் குற்றம் அந்த வேலைக்குப் பொருந்துமா என்பதை. பத்து வருடத்துக்கு முன் கசிப்பு வழக்கு இருந்தவர் மண்மூட்டை சுமக்கத் தடையில்லை. பிள்ளைக்குத் தீங்கு செய்தவருக்கு முன்பள்ளியில் எந்த வேலையும் இல்லை, எவ்வளவு காலம் கழிந்தாலும். அறிக்கையில் உள்ளதை விண்ணப்பித்தவரும் தேர்வாளரும் தவிர மூன்றாமவர் பார்க்க மாட்டார்.

முறைப்பாடு செய்யும்போது

நோட்டன் பிரிட்ஜ் பொலிஸ் நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கி வருவதே பாதி நாள் வேலை. வந்த பின் திரும்பி அனுப்பப்படாமல் இருக்கச் சில விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதப்பட்டால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்திய பிறகே கையெழுத்திடுங்கள். எழுதியவர் வாசிக்க மறுத்தால் கையெழுத்திடாமல் நிலையப் பொறுப்பதிகாரியைப் பார்க்கக் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் உள்ள துண்டை வாங்காமல் வெளியே வரவேண்டாம். பிறகு யார் எங்கே விசாரித்தாலும் அந்த இலக்கம்தான் பேசும். சிறுமி அல்லது பெண் என்றால் பெண் பொலிஸ் உத்தியோகத்தரைக் கேளுங்கள். சந்தேக நபரின் வேறு பெயர்கள், பட்டப்பெயர், முன்பு இருந்த தோட்டம் ஆகியவற்றையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

பொலிஸுக்கு வர முடியாவிட்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சபை அது. பெண்களுக்கு 1938, உடனடி ஆபத்துக்கு 119. உங்களை யாராவது மிரட்டினால் அதையும் தனி முறைப்பாடாகச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் பாதுகாக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அடையாள அட்டை மண்ணோடு போய்விட்டது என்பதற்காக முறைப்பாடு செய்யத் தயங்க வேண்டாம். அட்டை தொலைந்ததற்கான முறைப்பாட்டையும் அதே நாளில் பதிந்து, அதன் பிரதியைப் புதிய அட்டைக்கான விண்ணப்பத்துடன் கிராம உத்தியோகத்தரிடம் கொடுக்கலாம்.