குடல் ஆர்கனாய்டை அறுக்காமல் முழுதாகப் படமெடுக்க

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகத்தில் தோஷிரோ சாட்டோ சுண்டெலிக் குடலின் ஒற்றை ஸ்டெம் செல்லிலிருந்து ஆர்கனாய்டு எனப்படும் குட்டிக் குடல் ஒன்றை வளர்த்துக் காட்டினார். அந்த ஆய்வு 2009இல் வெளியானது. நடுவில் குழி, சுற்றிலும் மொட்டுகள், மொட்டுகளின் நுனியில் ஸ்டெம் செல்களும் பேனத் செல்களும் மாறி மாறி இருக்கும். எந்தச் செல்லுக்கு எது அண்டை என்பதுதான் இங்கே முக்கியம். மெல்லிய சீவலாக வெட்டினால் அதுதான் முதலில் தொலைகிறது. முழுதாகப் படமெடுக்க மூன்று நான்கு நாள் பொறுமை வேண்டும்.

முதல் வேலை, ஆர்கனாய்டைச் சுற்றியுள்ள மேட்ரிஜெல் என்னும் ஜெல்லை நீக்குவது. அது மிஞ்சினால் ஆன்டிபாடி உள்ளே சரியாகப் போகாது, பின்னணியும் மங்கலாகும். ஊடகத்தை உறிஞ்சிவிட்டு, செல் மீட்புக் கரைசலை ஊற்றி, ஐஸ் மேல் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். குளிரில் ஜெல் தானாக இளகும். பிப்பெட் முனையின் வாயை நறுக்கி அகலமாக்கி, 1% பிஎஸ்ஏ கரைசலில் நனைத்த பிறகே ஆர்கனாய்டைத் தொடுங்கள். இல்லையென்றால் பாதி பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். சென்ட்ரிஃபியூஜில் 70 ஜி விசை, 3 நிமிடம் போதும். மொட்டுகள் உடைவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், அவசரப்படாதீர்கள்.

அடுத்து, 4% பாராஃபார்மால்டிஹைடில் 4 டிகிரி குளிரில் 45 நிமிடம். இது நஞ்சு, ஃபியூம் ஹூடுக்குள் மட்டும் கையாளுங்கள். பிறகு ட்ரைட்டான் கலந்த கரைசலில் முதல் ஆன்டிபாடி ஓர் இரவு, மறுநாள் இரண்டிரண்டு மணி நேரமாக மூன்று முறை கழுவல், இரண்டாம் ஆன்டிபாடியும் டாபி சாயமும் இன்னோர் இரவு. ஒப்பீட்டுக்காக, முதல் ஆன்டிபாடி சேர்க்காத ஒரு குழாயைக் கட்டாயம் உடன் வையுங்கள்.

இனி ஒளி ஊடுருவ வழி செய்ய வேண்டும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, செல்லின் புரதங்களுக்கும் கொழுப்புக்கும் அதைவிட அதிகம். அந்த வேறுபாட்டில் ஒளி சிதறுவதால்தான் ஆழம் மங்குகிறது. 60% கிளிசராலும் 2.5 மோலார் ஃபிரக்டோஸும் சேர்ந்த கரைசல் அந்த வேறுபாட்டைக் குறைக்கும். கழுவிய நீரை முழுதும் எடுத்துவிட்டு, அறை வெப்பத்தில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். கரைசல் தேன்போல் கெட்டியானது. குமிழி வராமல் மெதுவாகக் கலக்குங்கள். கடுமையான கரைப்பான்களைவிட நான் இதையே பரிந்துரைப்பேன்: நஞ்சில்லை, திசுவும் சுருங்காது. கண்ணாடித் தகட்டில் இருபக்க ஒட்டுநாடாவை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டி, அதன்மேல் மூடுதகட்டை வைத்தால் ஆர்கனாய்டு நசுங்காது.

கான்ஃபோகல் நுண்ணோக்கியில் கிளிசராலுக்குப் பொருந்தும் லென்ஸைப் பூட்டுங்கள். ஆழவாக்கில் லென்ஸின் பிரிதிறன் எவ்வளவோ, அதில் பாதியளவு அல்லது அதற்கும் குறைவான இடைவெளியில் அடுக்கடுக்காக எடுங்கள். எந்தப் புள்ளியும் வெளுத்துப் பூரிதமாகக் கூடாது.

படத்தில் செல்களை எண்ணத் தொடங்குமுன் ஒரு சோதனை. டாபி எல்லா உட்கருவிலும் படியும். மேலிருந்து கீழே போகப்போக அதுவே மங்கினால், அந்த ஆழத்தில் வேறெந்தச் சாயத்தின் மங்கலையும் நம்பாதீர்கள். ‘அடிப்பகுதியில் அந்தப் புரதம் இல்லை’ என்ற தவறான முடிவு இப்படித்தான் பிறக்கிறது. செல்களைப் பிரித்தெண்ண ஃபிஜி, செல்போஸ் போன்ற இலவச மென்பொருள்கள் போதும்.

படத்தை வெளியிடும்போது லென்ஸ், அடுக்கு இடைவெளி, எட்டிய ஆழம் மூன்றையும் அதன் கீழேயே எழுதுங்கள். திருத்தாத மூலக் கோப்பையும் பத்திரப்படுத்துங்கள்.