சுரங்க முதலாளி கட்டிய அரண்மனை

பிரிக்பீல்ட்ஸுக்கு அருகில், கிள்ளான் ஆற்றை நோக்கிய குன்றுச் சரிவில் பொன்மஞ்சள் குவிமாடங்களுடன் ஒரு வெண்ணிற மாளிகை நிற்கிறது. 1957 முதல் 2011 வரை நாட்டின் மாமன்னர்கள் தங்கிய இஸ்தானா நெகாரா இதுவே. ஆனால், இதைக் கட்டியவர் அரசர் அல்லர்.

சீனாவிலிருந்து ஏழையாக மலாயாவுக்கு வந்தவர் சான் விங். ஈயச் சுரங்கத் தொழிலில் படிப்படியாக உயர்ந்து, சுங்கை பீசியிலிருந்த ஹோங் ஃபாட் சுரங்கத்தின் முதலாளிகளுள் ஒருவரானார். (அந்தப் பெரும் பள்ளம் இன்று ஏரியாகிவிட்டது; மக்கள் அதில் படகுப் பயணம் செய்கின்றனர்.) 1928இல் தம் பெரிய குடும்பத்துக்காக அவர் இம்மாளிகையை எழுப்பினார்.

அந்த வாழ்வு நீடிக்கவில்லை. போர் நெருங்கியதும் குடும்பத்தினர் வெளியேறினர். ஜப்பானிய அதிகாரிகள் வீட்டைப் பிடித்துக்கொண்டனர். 1945க்குப் பின் பிரிட்டிஷ் இராணுவ உயர் அதிகாரிகள் தங்கினர். சான் விங் 1947இல் காலமானார். 1950இல் மாளிகை சிலாங்கூர் சுல்தானின் அரண்மனையாயிற்று. சுதந்திரம் பெற்ற 1957இல் மாமன்னருக்கெனக் கூட்டரசு அரசாங்கம் இதனை விலைக்கு வாங்கியது.

2011இல் ஜாலான் டூத்தாவில் புதிய அரண்மனை திறக்கப்பட்டது. பழைய மாளிகை 2013 பிப்ரவரியில் அரச அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பிரதமரும் அமைச்சர்களும் பதவியேற்ற அரியணை மண்டபம் இங்குள்ளது. 1980 முதல் மாமன்னரின் அரியணை ஏற்பு விழாவும் இங்கேயே நடைபெற்றது. எனினும், மண்டபத்தைவிட அரச குடும்பத்தின் பல் மருத்துவ அறைதான் வியப்பூட்டும். மாமன்னருக்கும் பல்வலி வருமல்லவா! சான் விங் கட்டிய வீட்டை மட்டும் எளிதில் காண முடியாது. மாளிகை பலமுறை விரிவாக்கப்பட்டதால், பழைய சுவர் எது, புதிய சுவர் எது என்று கூர்ந்து பார்க்க வேண்டும்.

சுற்றிலும் 13 ஏக்கர் நிலம். புல்வெளி, அழகுச் செடிகள், வேலியோரம் வரிசையாகப் பூமரங்கள். நீச்சல் குளமும் பூப்பந்து மண்டபமும்கூட உண்டு. அரண்மனையாக இருந்த காலத்தில் சுற்றுப்பயணிகள் வாயில்வரைதான் வர முடிந்தது. அங்கே குதிரைமீது அசையாமல் அமர்ந்திருக்கும் காவலருடன் படம் எடுத்துக்கொண்டு, கம்பிகளின் இடைவெளி வழியே இத்தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினர்.