மரமெல்லாம் காடாகுமா?

நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீர் ஊட்டுவன மேற்கு மலைகளே. 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையும், பழையாறும், அவற்றை நம்பிய குளங்களும் அம்மலைகளின் கொடையால் வாழ்கின்றன. ஆதலின் மலைக்காட்டின் நிலையை அறிந்திருத்தல் உழவர் ஒவ்வொருவருக்கும் அவசியம். கீரிப்பாறையிலிருந்து காளிகேசம் செல்லும் பாதையில் சிறிது தூரம் நடந்தால் இப்பாடத்தைக் கண்ணாரக் கற்கலாம்.

முதலில் எதிர்ப்படுவன ரப்பர்த் தோட்டங்கள். 1984-இல் தொடங்கப்பெற்ற அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் இப்பகுதியில் உள்ளன. அமேசான் நாட்டிலிருந்து வந்த இம்மரங்கள், ஒரே வயதினவாய் வரிசை பிடித்து நிற்கின்றன. நட்டு ஏறத்தாழ ஏழு ஆண்டுகளில் பால்வெட்டுத் தொடங்கும். பால் குறைந்து முதிர்ந்தபின் மரங்களை வெட்டி மீண்டும் நடுவர். பல குடும்பங்களுக்கு இஃது உணவளிக்கிறது. எனினும் இது தோட்டமேயன்றிக் காடன்று.

மேலே செல்லச் செல்லக் காட்சி மாறுகிறது. வானளாவிய மரங்கள், அவற்றின் கீழ் சிறு மரங்கள், அடியில் செடி கொடிகள், தரையில் மட்கிய சருகு எனக் காடு பல அடுக்குகளாக அமைந்துள்ளது. பெருமரம் ஒன்று வீழ்ந்த இடத்தைக் கவனியுங்கள். வெயில் விழுந்ததும் வட்டத்தாமரை போன்ற மரங்கள் விரைந்து வளரும். அவற்றின் நிழலில் காட்டு மரங்களின் கன்றுகள் மெல்ல எழும். இவ்வாறு காடு தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது. ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொணரப்பட்ட உண்ணிச்செடி அவ்விடத்தை முந்திக்கொண்டால், கன்றுகள் தலையெடுப்பது அரிது.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மிதிபட்டு இறுகிய பாதையில் ஒரு செம்பு நீரை ஊற்றினால், அது மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். சருகு மூடிய காட்டுத் தரையில் ஊற்றினால் உள்ளே இறங்கும். அவ்வாறு இறங்கிய நீரே மழை ஓய்ந்த பின்னும் ஓடைகளில் கசிந்து வருகிறது. ஓடிய மண்ணோ அணையையும் குளத்தையும் தூர்க்கிறது.

2008-இல் இம்மாவட்டக் காடுகள் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. எனவே வனத்துறையின் அனுமதி பெற்றே செல்லுதல் வேண்டும். கனமழைக் காலத்தில் செல்லலாகாது. ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் சென்று இவ்வேறுபாட்டைக் காட்டுவார்களாக. ஊராட்சிகள் ஓடைக்கரைகளில் மரம் நடுங்கால், ஒரே இனத்தை வரிசையாக நடாமல், அவ்விடத்திற்குரிய பல இனங்களையும் கலந்து நடுதல் நலம். காட்டில் நெருப்பு வைக்காதிருப்பதும், சருகை வாரிச் செல்லாதிருப்பதும் வயலுக்கு வரப்பு இடுவதற்கு ஒப்பான பணிகளேயாம்.