பை நிறைய இலை, அடியில் கோலிக்குண்டு

கேள்வி: ஐயா, திருச்சி உறையூரில் இருக்கிறேன். மொட்டைமாடியில் கத்தரி, தக்காளி, கீரை எல்லாம் குறையில்லாமல் வருகின்றன. சமையலறையில் முளைவிட்டுக் கிடந்த உருளைக்கிழங்குகளை வெட்டிப் பங்குனியில் ஆறு பைகளில் நட்டேன். வீடியோவில் பார்த்தபடி, செடி உயர உயர மேலே மண் போட்டுக்கொண்டே வந்தேன். பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் வாரம் தவறாமல் கொடுத்தேன். செடி தளதளவென்று வளர்ந்தது. ஆனியில் பையைக் கவிழ்த்தால் கோலிக்குண்டு அளவில் ஒரு கைப்பிடிதான். இரண்டு பைகளில் அதுவும் இல்லை. வீடியோவில் ஒரு பைக்குப் பத்துக் கிலோ கொட்டுகிறார்கள். மண்ணில் குறையா, எனக்குக் கைராசி இல்லையா?

பதில்: கைராசியின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. பங்குனியில் திருச்சியில் நட்ட உருளை கோலிக்குண்டு அளவுக்காவது கிழங்கு விட்டதே பெரிய விஷயம். மண்ணிலும் குறை இல்லை. மாதம்தான் தவறு.

உருளையின் பிறந்த வீடு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பகல் வெயிலை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இரவுச் சூட்டைத்தான் பொறுக்காது. கிழங்கு பிடிக்க இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இலையில் உருவாகும் ஒரு புரதம் தண்டு வழியே கீழே இறங்கி, 'கிழங்கு கட்டு' என்று மண்ணுக்குள் இருக்கும் பகுதிக்குச் சொல்கிறது. சூடு கூடினால் அந்தப் புரதம் உருவாவதே குறைந்துவிடும். பகலில் இலை சேர்த்த சர்க்கரையையும் செடி இரவில் மூச்சுவிட்டே செலவழித்துவிடும். சித்திரை, வைகாசியில் உங்கள் ஊரில் விடியற்காலையிலேயே 26, 27 டிகிரி. இலைக்கு அது தடையில்லை. அதனால்தான் மேலே காடு, கீழே கைப்பிடி.

பையில் வளர்ப்பதால் இந்தத் தொல்லை இன்னும் கூடுகிறது. தரையில் அரையடிக்குக் கீழே மண் குளிர்ந்தே இருக்கும். மொட்டைமாடித் தளத்தின் மேல் நிற்கும் பைக்குப் பக்கவாட்டில் வெயில், அடியில் சுடும் சிமெண்ட். மண்ணின் சூடு 30 டிகிரியை நெருங்கினாலே கிழங்கு வளர்ச்சி நின்றுபோகும். கறுப்புப் பையாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே கணக்கை மார்கழியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். நட்ட 30, 40 நாளில் கிழங்கு பிடிக்கத் தொடங்கும். அடுத்த நாற்பது, ஐம்பது நாள் பருக்கும். இந்த இரண்டாவது கட்டம் மார்கழி நடுவிலிருந்து தை முடிய வர வேண்டும். திருச்சியில் இரவு 20 டிகிரிப் பக்கம் இறங்குவது அப்போதுதான். அப்படியானால் நட வேண்டியது கார்த்திகை முதல் வாரம், எடுப்பது மாசி. ஐப்பசி மழையில் நட்டால் விதை அழுகும். மார்கழியில் நட்டால் பருக்கும் காலத்தில் வெயில் ஏறிவிடும். சமவெளியில் வருஷத்துக்கு ஒரே போகம்தான். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதல் அவகாசம் உண்டு. நீலகிரி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தப் பதிலே வேண்டியதில்லை.

கார்த்திகையில் இன்னொரு வசதி. வடக்கே தை, மாசியில் எடுத்துக் குளிர்பதனக் கிடங்கில் வைத்த கிழங்குதான் அந்த நேரத்தில் கடைக்கு வரும். அதன் உறக்கக் காலம் முடிந்திருக்கும். வெளியே வைத்தால் முளைக்கும். புதுக்கிழங்கு வாங்கினால் இரண்டு மாதமானாலும் கண் திறக்காமல் கிடக்கலாம். சில கிடங்குகளில் முளை வராமலிருக்க மருந்தும் அடிக்கிறார்கள். ஆகவே ஒரு கிலோ வாங்கி, இருட்டில் அல்ல, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் பரப்பி வையுங்கள். குட்டையாக, தடித்த முளை வருவதை மட்டும் எடுங்கள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருட்டில் நீண்ட வெள்ளை முளை நடும்போதே ஒடிந்துபோகும்.

வெட்டி நட்டதாக எழுதியிருக்கிறீர்கள். குளிர்ப் பிரதேசத்தில் சரி. நம் சூட்டிலும் ஈரத்திலும் வெட்டுவாய் அழுகலுக்கு வாசல். 40, 50 கிராம் எடையுள்ள முழுக் கிழங்கையே நடுங்கள். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 2006-ல் 'குஃப்ரி சூர்யா' என்று வெப்பம் தாங்கும் ரகம் ஒன்றை வெளியிட்டது. கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் விதைக்கிழங்கு மூட்டைக் கணக்கில் விற்கும் பொருள். மாடித்தோட்டத்துக்கு ஒரு கிலோ நிறுத்துத் தருபவர் அபூர்வம்.

இனி அந்த வீடியோ விஷயம். உருளைக்கிழங்கு வேரில் காய்ப்பதில்லை. மண்ணுக்குள் இருக்கும் தண்டின் கணுக்களிலிருந்து பக்கவாட்டில் ஓடுதண்டுகள் கிளம்பும். அவற்றின் நுனி பருத்தால் கிழங்கு. இதைக் கேட்டவுடன், 'அப்படியானால் தண்டை இன்னும் புதைத்தால் இன்னும் கிழங்கு' என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் 80, 100 நாள் ரகங்கள் ஓடுதண்டுகளை விதைக்கு அருகில் ஒரே கட்டமாக விட்டு முடித்துவிடும். அதற்கு மேல் கொட்டும் மண் வீண். பச்சை இலையையே புதைத்தால் நஷ்டமும்கூட. மண் அணைப்பதன் உண்மையான வேலை வேறு: கிழங்கின் மேல் வெளிச்சம் படாமல் காப்பது. வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகும், அதில் சோலனைன் என்ற நச்சு சேரும், வேகவைத்தாலும் போகாது. செடி ஒரு சாண் உயரம் வந்ததும் ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை அணையுங்கள். போதும்.

பத்துக் கிலோவையும் சும்மா விட மனமில்லை. நம் நாட்டு வயல்களில் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்குச் சுமார் 25 டன். சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. 15 அங்குலப் பையின் வாய்ப்பரப்பு ஒரு சதுர மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்குதான். ஆக வயல் கணக்கில் உங்கள் பைக்குரியது கால் கிலோவும் கொஞ்சமும். பையில் இலை வெளியே விரிய இடமிருப்பதால் அரைக் கிலோ, முக்கால் கிலோ வரலாம். திருச்சியில் அரைக் கிலோ எடுத்தால் அக்கம்பக்கத்தாரிடம் தாராளமாகப் பெருமை அடித்துக்கொள்ளுங்கள்.

பை 15 அங்குலமே இருக்கட்டும்; அதில் இரண்டு கிழங்கு. வெள்ளைப் பை நல்லது. பழைய அரிசிச் சாக்கும் சரிதான், அடியில் ஓட்டை போட்டுக்கொண்டால். தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். செம்மண், மக்கிய தொழுவுரம், நன்றாக அலசி உப்புப் போக்கிய தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. பையில் பாதி நிரப்பி, நாலு விரல் ஆழத்தில் முளை மேலே பார்க்க நட்டு, மீதிக் கலவையை அணைப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல், சுண்ணாம்பு வேண்டாம். உருளைக்குச் சற்றுப் புளித்த மண்தான் பிடிக்கும், காரம் கூடினால் தோலில் சொறி விழும். தக்காளி, கத்தரி போட்ட பழைய மண்ணையும் தவிருங்கள். எல்லாம் ஒரே குடும்பம். வாடல் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும்.

மீன் அமிலத்தை முதல் மாதத்தோடு நிறுத்திவிடுங்கள். அதிலுள்ள தழைச்சத்து பிறகு இலைக்குத்தான் போகும். தண்ணீர் சீராக இருக்க வேண்டும். காயவிட்டு வெள்ளமாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும், முண்டும் முடிச்சுமாகும். மழை மூட்டமாக நாலு நாள் நீடித்தால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் ஈரமான கரும்புள்ளியும் வெண்பூசணமும் தெரிந்தால் அது பின்கருகல். அந்தச் செடியை அன்றைக்கே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், தக்காளிக்கும் தாவும்.

இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தித் தண்டை அறுத்துவிட்டு, பத்து நாள் கழித்துப் பையைக் கவிழுங்கள். தோல் கெட்டிப்பட அந்த இடைவெளி தேவை.

ஆறு பையிலும் உருளை வேண்டாம் என்பது என் யோசனை. இரண்டு பை போதும். மற்ற நான்கில் சர்க்கரைவள்ளிக் கொடியை ஒரு சாண் நீளம் வெட்டி நடுங்கள். திருச்சி வெயில் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, நாலு மாதத்தில் எடுக்கலாம், நடுவில் இலையையும் கீரையாகக் கடையலாம். மழை பிடிக்குமுன் இப்போதே நட்டுவிட்டால் நல்லது. உருளைப் பைகள் கார்த்திகை வரை காலியாக இருக்கட்டும்.