பிளஸ் டூ முடித்தபின் இயற்பியல்: ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதம் ரிசல்ட் வந்த கையோடு பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "பிசிக்ஸா? படிச்சு முடிச்சா வாத்தியார் வேலைதானே?" என்று சித்தப்பா கேட்பார். பிள்ளையிடம் பதில் இருக்காது. ஆசை மட்டும் இருக்கும். அந்த ஆசையை நான் பெரிதாக மதிக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்: இயற்பியலில் வழிகள் நிறைய உண்டு, ஆனால் எந்தத் திருப்பம் எப்போது வரும் என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு கடைசி செமஸ்டரில் விசாரிக்கத் தொடங்குபவர்களுக்குப் பாதிக் கதவுகள் மூடியிருக்கும்.

படி 1: ஆசையைச் சோதித்துப் பாருங்கள்

கருந்துளை பற்றிய வீடியோ பார்த்து மெய்சிலிர்ப்பது நல்ல தொடக்கம். ஆனால் கல்லூரி இயற்பியல் என்பது பெரும்பாலும் கணக்கு. பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் சுழற்சி இயக்கம் பாடத்திலிருந்து உங்களுக்கு விடை தெரியாத ஒரு கணக்கை எடுங்கள். கைடைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் அதோடு உட்காருங்கள். விடை வரவில்லை என்றாலும் பரவாயில்லை. மறுநாள் காலையில் அது மறுபடி மனதில் வந்து நின்றால், தயங்காமல் சேருங்கள். வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் அறவே பிடிக்காதென்றால், இந்தப் படிப்பு உங்களை வருத்தும். அதை இப்போதே ஒப்புக்கொள்வதில் அவமானம் எதுவும் இல்லை.

படி 2: எங்கே சேர்வது?

முதல் வழி, நம் ஊர் அரசு கலை அறிவியல் கல்லூரி அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்றாண்டு பி.எஸ்சி. கட்டணம் குறைவு. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இந்த வழியை மட்டமாக நினைக்க வேண்டாம். சேரும் முன் லேப்பை மட்டும் நேரில் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது வழி, பிளஸ் டூ முடித்ததுமே ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் போவது. புனே, கொல்கத்தா, மொஹாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என ஏழு இடங்களில் ஐசர் நிறுவனங்கள் இருக்கின்றன. ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்விகள். உயிரியல் படிக்காதவர்களும் எழுதலாம். புவனேஸ்வரில் உள்ள நைசர் நிறுவனத்துக்கு நெஸ்ட் தேர்வு. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பட்டப்படிப்பு உண்டு. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அது அருமையான இடம்.

இவற்றுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் பொதுத்தேர்வு ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடும். பிளஸ் டூ படிக்கும்போதே போட்டுவிடுங்கள்.

படி 3: முதல் ஆண்டில் கணிதத்தை விடாதீர்கள்

துணைப் பாடம்தானே என்று கணிதத்தைப் பாஸ் மார்க்கோடு தள்ளிவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. வெக்டர், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் இவை இல்லாமல் இரண்டாம் ஆண்டில் மின்காந்தவியலும், மூன்றாம் ஆண்டில் குவாண்டம் இயக்கவியலும் வெறும் மனப்பாடமாகிவிடும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் செமஸ்டர் கடினம். சொல் புதிது, பொருள் பழையது. முடுக்கம், உந்தம், நிலைமம் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றுக்கு ஒரு நோட்டில் ஆங்கிலச் சொல்லை எதிரெதிரே எழுதிவையுங்கள். சில மாதங்களில் அந்த நோட்டே தேவைப்படாது.

படி 4: லேப்பில் உங்கள் கையால் செய்யுங்கள்

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும்.

நியூட்டன் வளையம் சோதனையை எல்லாக் கல்லூரியிலும் செய்வார்கள். கண்ணாடித் தட்டின் மேல் ஒரு குவிலென்ஸ், மேலிருந்து சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி. நுண்ணோக்கியில் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாக இருளும் ஒளியும். நடுப்புள்ளி கறுப்பாக இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு மாணவி வந்து, "சார், எனக்கு நடுவுல வெளிச்சமா இருக்கு" என்றாள். பக்கத்து டேபிளில் சீனியரின் ரெக்கார்டிலிருந்து ரீடிங்கை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுதவில்லை. லென்ஸை எடுத்து, தட்டைத் துடைத்து, மறுபடி வைத்தாள். நடுவில் கறுப்பு வந்தது. லென்ஸுக்கும் தட்டுக்கும் இடையில் ஒரு தூசி இருந்திருக்கிறது.

அதற்கு அடுத்து அவள் கேட்டதுதான் முக்கியம்: "தூசி இருந்தப்போ எடுத்திருந்தா விடை தப்பா வந்திருக்குமா?" உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். சூத்திரத்தில் வருவது இரண்டு வளையங்களின் விட்ட வர்க்கங்களுக்கு இடையிலான வித்தியாசம். அந்தச் சின்ன இடைவெளி இரண்டிலும் ஒரே அளவில் வந்து, கழிக்கும்போது அடிபட்டுப் போகிறது. ஏன் ஒரு வளையத்தை மட்டும் அளக்காமல் வித்தியாசத்தை எடுக்கிறோம் என்பது அன்றைக்கு அவளுக்கு விளங்கியது. ரீடிங்கைக் காப்பியடித்தவர்களுக்கு இது கடைசி வரை தெரியாது.

இன்னொன்று: நுண்ணோக்கியின் திருகை ஒரே திசையில் திருப்புங்கள். வளையத்தைத் தாண்டிவிட்டோமே என்று பின்னால் திருப்பி எடுத்தால், திருகுக்கும் மரைக்கும் இடையிலுள்ள தளர்வு ரீடிங்கைக் கெடுத்துவிடும்.

படி 5: விடுமுறைகளைப் பயன்படுத்துங்கள்

பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். ஊசலின் இயக்கத்தை நீங்களே நிரல் எழுதி வரைந்து பாருங்கள், அது போதுமான தொடக்கம். என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், ஒரு விஞ்ஞானியோடு இரண்டு மாதம் வேலை பார்க்கலாம். முடிந்தால் ஒருமுறை கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். நூறாண்டுக்கும் மேலாக அங்கே சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

படி 6: இரண்டாம் ஆண்டிலேயே எம்.எஸ்சி.க்குத் தயாராகுங்கள்

ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், இயற்பியல் சார்ந்த நல்ல வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு எம்.எஸ்சி. வேண்டும். ஐ.ஐ.டி.களில் சேர ஜாம் தேர்வு, திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களுக்கும் அதே மதிப்பெண் உதவும். பிப்ரவரியில் நடக்கும் அந்தத் தேர்வு மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்றவற்றில் ஆராய்ச்சிக்குச் சேர ஜெஸ்ட்.

எம்.எஸ்சி.க்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், பிஎச்.டி. செய்யும்போது மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. "இன்னும் எத்தனை வருஷம் அப்பா காசுல படிக்கிறது?" என்று கவலைப்படும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 7: வேலைகள்

அதிகம் பேர் கேள்விப்படாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை நடக்கும் இடத்தில் மருத்துவர் மட்டும் இல்லை, மருத்துவ இயற்பியலாளரும் இருக்கிறார். காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்பே கருவி தரும் கதிரின் அளவு சரியா என்று பரிசோதித்துவிடுவார். கட்டிக்குப் போக வேண்டிய அளவு முழுதாகப் போக வேண்டும், பக்கத்திலுள்ள தண்டுவடத்துக்கு மிகக் குறைவாகவே போக வேண்டும். அந்தக் கணக்கு அவருடையது. அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் எம்.எஸ்சி. இருக்கிறது. பிறகு ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி.

பி.எஸ்சி.யோடே வேலைக்குப் போக வேண்டிய வீடுகள் உண்டு. இந்திய விமான நிலைய ஆணையம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணிக்கு ஆள் எடுக்கும்போது, இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு 27, பிரிவுக்கேற்பத் தளர்வு உண்டு. வானிலை ஆய்வுத் துறையும் எஸ்.எஸ்.சி. வழியாக இயற்பியல் பட்டதாரிகளை எடுத்திருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வுகள் எந்தப் பட்டதாரிக்கும் பொது.

எம்.எஸ்சி. முடித்தவர்களுக்குக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமும், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளியும் பெரிய கனவு. பயிற்சியை முடித்தால் விஞ்ஞானி பணி. புவி இயற்பியலாளராக வேண்டுமானால் யு.பி.எஸ்.சி. தனித் தேர்வே நடத்துகிறது.

கடைசியாக, சித்தப்பா சொன்ன வாத்தியார் வேலை. பி.எட். இரண்டாண்டு, மேல்நிலை வகுப்புகளுக்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் முடித்து டி.ஆர்.பி. தேர்வு, கல்லூரிக்கு நெட் அல்லது செட். எதுவும் கிடைக்காதபோது போகிற இடம் அல்ல அது. எத்தனையோ பள்ளிகளில் லேப் பீரோ ஆண்டுக்கு ஒருமுறைதான் திறக்கப்படுகிறது. அதைத் தினமும் திறக்கிற ஆசிரியர் தேவை. அந்த எண்ணம் இருந்தால், கல்லூரியில் நீங்கள் தப்பாக எடுத்த ரீடிங்கோடு சேர்த்து உங்கள் அப்சர்வேஷன் நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வகுப்பில் ஒரு பிள்ளை, "எனக்கு மட்டும் ஏன் இப்படி வருது?" என்று கேட்கும் நாளில் அதைத்தான் முதலில் தேடுவீர்கள்.