நாயுடன் கடற்கரைக்கு: பயணத் திட்டமும் செலவுக் கணக்கும்

ஆண்டு விடுமுறையில் கடற்கரைக்குச் செல்லத் திட்டமிடும் குடும்பங்களில், வீட்டில் நாய் வளர்ப்போருக்கு மட்டும் ஒரு கேள்வி கூடுதலாக உண்டு: 'நாயை என்ன செய்வது?' பயணச்சீட்டு எடுத்து, விடுதிக்கு முன்பணமும் செலுத்திய பிறகே இக்கேள்வி பெரும்பாலும் எழுகிறது. அந்நிலையில் எந்த முடிவை எடுத்தாலும் பண இழப்போ நாய்க்குத் துன்பமோ நேர்கிறது. ஆகவே, நாயை அழைத்துச் செல்வதாயின் திட்டத்தை அதனிடமிருந்தே தொடங்க வேண்டும்.

நாயுடன் செல்லும் பயணத்தில் பெருஞ்செலவு கட்டணத்தில் இல்லை; நிச்சயமின்மையில் உள்ளது. ரயிலில் தனியறை கிடைக்குமா, விடுதியில் அனுமதி உண்டா, அங்குள்ள வெப்பத்தை நாய் தாங்குமா என்ற ஒவ்வொரு கேள்விக்கும் மாற்று ஏற்பாடு ஒன்றும், அதற்கான தொகையும் முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும். மும்பையில் வாழும் ஒரு குடும்பம் நாயுடன் கோவாவுக்குச் செல்வதை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அழைத்துச் செல்லலாமா?

எல்லா நாய்களும் பயணத்துக்கு ஏற்றவை அல்ல. தடுப்பூசிகள் நிறைவுறாத குட்டிகள், முதுமையடைந்தவை, இதய நோயோ மூச்சுக் கோளாறோ உள்ளவை, வாகனத்தில் ஏறியதும் அஞ்சி நடுங்குபவை ஆகியவற்றை வீட்டிலோ நம்பகமான காப்பகத்திலோ விட்டுச் செல்வதே நலம். பக் போன்ற தட்டை மூக்கு இனங்கள் வெப்பத்தில் எளிதில் மூச்சுத் திணறும். அவற்றை ஏற்றுவதற்கு விமான நிறுவனங்கள் பலவும் கட்டுப்பாடு விதிப்பதற்கு இதுவே காரணம்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்னரே கால்நடை மருத்துவரிடம் நாயைக் காட்ட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி உரிய காலத்தில் போடப்பட்டுள்ளதா என்பதை உறுதி செய்துகொள்க. முதன்முறை போடப்படும் ஊசி முழுப் பயன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதால் இதனைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடலாகாது. கடலோர ஊர்களில் உண்ணியும் கொசுவும் மிகுதி. உண்ணிக் காய்ச்சல், கொசுவால் பரவும் இதயப்புழு ஆகிய இரண்டுக்கும் முன்தடுப்பு மருந்துகள் உள்ளன. புறப்படுவதற்கு முன், பயணத்துக்குத் தகுதியுடையது எனும் சான்றிதழையும் பெற்றுக்கொள்க. மருத்துவர் கூறாமல் மயக்க மருந்து எதையும் கொடுக்கலாகாது.

எப்போது செல்வது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். மார்ச் முதல் வெயில் கடுமையாகும். ஆதலால் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே ஏற்றது. ஆயினும், கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு வரையிலான வாரத்தைத் தவிர்ப்பது நன்று. அவ்வாரத்தில் வாடகை உச்சத்தில் இருக்கும். அத்துடன் வாணவேடிக்கையும் மிகுதி. வெடிச்சத்தத்துக்கு மிரண்டு, அறியாத ஊரில் ஓடிவிடும் நாயைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. டிசம்பர் முதல் வாரமோ ஜனவரி நடுப்பகுதியோ செலவிலும் அமைதியிலும் ஆதாயமானது. எக்காலத்திலும் கழுத்துப் பட்டையில் உரிமையாளரின் தொலைபேசி எண் பொறித்த வில்லை இருத்தல் வேண்டும்.

எவ்வாறு செல்வது?

ரயிலில் ஏசி முதல் வகுப்பில் இருவர் படுக்கை கொண்ட கூபே அறையையோ நால்வர் படுக்கை கொண்ட அறையையோ முழுவதுமாகப் பதிவு செய்தால் மட்டுமே நாயை உடன் வைத்துக்கொள்ள இயலும். ஏசி இரண்டடுக்கு, மூன்றடுக்கு, படுக்கை வசதிப் பெட்டிகளில் நாய்க்கு அனுமதி இல்லை. ஆகவே, தாங்கள் தேர்ந்தெடுக்கும் ரயிலில் முதல் வகுப்புப் பெட்டி உள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பயணச்சீட்டு உறுதியானாலும், எந்த அறை என்பது பயணிகள் பட்டியல் தயாராகும்போதே தெரியவரும். எனவே கூபே வேண்டி ரயில்வே வணிகப் பிரிவுக்கு முன்னதாகவே விண்ணப்பித்தல் வேண்டும். புறப்படும் நாளில் தடுப்பூசிச் சான்றுடன் நிலையத்தின் பார்சல் அலுவலகத்துக்குச் சென்று, நாய்க்குரிய கட்டணத்தைச் செலுத்தி ரசீது பெற வேண்டும்.

அறை கிடைக்காவிடில், நாயைக் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் அனுப்பும் வழி உண்டு. ஆனால் இரவு முழுவதும் இரைச்சலிலும் தனிமையிலும் இருக்கப் பழகாத நாய்க்கு அது பெருந்துன்பம். அந்நேரத்தில் பயணச்சீட்டை ரத்து செய்தாலும் கட்டணம் திரும்பக் கிடைப்பது அரிது. ஆதலால் ரயிலை நம்புவோர், கடைசி நேரத்தில் நாயை விட்டுச் செல்வதற்கான காப்பகத்திடமும் முன்பே பேசி வைத்தல் வேண்டும்.

விமான நிறுவனங்கள் சில நாயை ஏற்றுவதில்லை. ஏற்றும் நிறுவனங்களும் எடை, கூண்டின் அளவு ஆகியவற்றுக்கு வரம்பு வைத்துள்ளன. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்டு உறுதி செய்துகொள்க.

சொந்தக் காரே பலருக்கும் வசதியானது. மும்பையிலிருந்து கோவா ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இதனை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே உணவை முடித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி நீர் கொடுத்து நடக்கவிட வேண்டும். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 10 நிமிடத்திலேயே வெளிவெப்பத்தைவிட ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும். சன்னலைச் சிறிது திறந்து வைப்பதால் இது பெரிதும் குறைவதில்லை. ஐந்து நிமிடம்தானே என்று நாயைக் காரில் பூட்டிவிட்டு உணவகத்துக்குச் செல்வது அதன் உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதன்முறை அழைத்துச் செல்வோர், கோவாவுக்கு முன் ஒரு வார இறுதியில் அலிபாக் சென்று வரலாம். மும்பை பாவ்ச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்குக் காரையும் ஏற்றிச் செல்லும் ரோ-ரோ கப்பல் 2020 முதல் இயங்குகிறது. பயண நேரம் ஏறத்தாழ ஒரு மணி. நாயின் இயல்பைக் குறைந்த செலவில் அறிந்துகொள்ள இத்தகைய ஒத்திகை உதவும்.

விடுதியும் முன்பணமும்

'செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு' என்ற விளம்பர வாசகம் மட்டும் போதாது. நாயின் இனம், எடை ஆகியவற்றைத் தெரிவித்து, கூடுதல் கட்டணம், திரும்பப் பெறத்தக்க வைப்புத் தொகை, நாயை அறையில் தனியே விட அனுமதி, ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் தொகை ஆகிய நான்கையும் எழுத்தில் பெற்றுக்கொள்க. இரவு பத்து மணிக்கு நாயுடன் வாசலில் நிற்கும்போது வாய்மொழி உறுதி பயன்படாது.

போலி இணையதளங்கள் வழியே முன்பணத்தைப் பறிக்கும் மோசடிகள் விடுமுறைக் காலத்தில் பெருகுகின்றன. நாயை ஏற்கும் விடுதிகள் குறைவு என்பதால், கிடைத்ததே போதும் என்ற அவசரத்தில் முழுத் தொகையையும் செலுத்துவோர் எளிதில் ஏமாறுகின்றனர். விளம்பரத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல், வேறு வழியில் பெற்ற எண்ணிலும் பேசிப் பாருங்கள். பணம் பெறும் கணக்கின் பெயர் விடுதியின் பெயரோடு பொருந்துகிறதா எனக் கவனியுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி க்யூஆர் குறியீட்டை அனுப்பினால் அதனை ஸ்கேன் செய்ய வேண்டாம். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவைப்படாது. ஏமாற்றப்பட்டது தெரிந்தவுடன் 1930 என்ற உதவி எண்ணிலும் தங்கள் வங்கிக் கிளையிலும் தாமதமின்றிப் புகார் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

கடற்கரையில்

நாய்க்கு மனிதரைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே அது உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. ஆகவே காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் மட்டுமே மணலில் இறக்குக. புறங்கையை மணலில் வைத்துச் சில விநாடிகள் தாங்க முடியாவிட்டால், அம்மணல் நாயின் பாதத்தையும் சுடும். கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். மிகுதியாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. நல்ல நீரை எப்போதும் கையில் வைத்திருங்கள். கரையொதுங்கிய ஜெல்லி மீன் இறந்திருந்தாலும் கொட்டும். மிகையான மூச்சிரைப்பு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலில் குளிர்ந்த நீர் ஊற்றிக் காற்று வீசச் செய்து, மருத்துவரிடம் விரைய வேண்டும். அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் எண் முதல் நாளே தங்களிடம் இருத்தல் வேண்டும்.

பிற உயிர்களின் நலனும் நம் பொறுப்பே. கோவாவின் மோர்ஜிம், மாந்த்ரே, அகோந்தா, கல்ஜிபாக் ஆகிய கரைகள் பங்குனி ஆமைகள் முட்டையிடும் இடங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ள இவ்வாமைகளின் கூடுகளை நாய்கள் தோண்டுவது பெருங்கேடாக உள்ளது. நாம் செல்லும் குளிர்காலமே அவை கரையேறும் காலமும் ஆகும். எனவே நாயுடன் செல்வோர் வேறு கரைகளைத் தேர்வதே முறை. எங்கு சென்றாலும் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டாம். தெருநாய்களுடன் சண்டை மூளாமலும், நீராட வந்தோர் அஞ்சாமலும் இருக்க இதுவே வழி. நாயின் கழிவை உரிமையாளரே அகற்றுதல் வேண்டும்.

செலவுக் கணக்கு

நால்வர் கொண்ட குடும்பத்தின் நான்கு இரவுப் பயணத்துக்கு ரூ.48,000 ஆகும் எனக் கொள்வோம். இவை விளக்கத்துக்கான எண்களே. ஊருக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும்.

நாய்க்கான உறுதிச் செலவு: மருத்துவப் பரிசோதனையும் மருந்தும் ரூ.2,000, விடுதிக் கூடுதல் கட்டணம் இரவுக்கு ரூ.600 வீதம் ரூ.2,400, உணவும் பிறவும் ரூ.1,600. மொத்தம் ரூ.6,000.

எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீடு: அவசர மருத்துவம் ரூ.8,000; பயணம் இயலாதபோது காப்பகத்துக்கு நாளொன்றுக்கு ரூ.800 வீதம் ஐந்து நாட்களுக்கு ரூ.4,000. மொத்தம் ரூ.12,000.

ஆக ரூ.66,000. இதனை ஓராண்டு முன்பே திட்டமிட்டால், மாதம் ரூ.5,500 வீதம் 12 மாதத் தொடர் வைப்பில் சேர்த்துவிடலாம். கிடைக்கும் வட்டி, இடையில் ஏறும் விலையைச் சிறிதளவேனும் ஈடுசெய்யும். கடன் அட்டையில் செலவழித்துப் பிறகு தவணை கட்டுவதைவிட இதுவே சிக்கனம்.

இக்கணக்கில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு: எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீடு, உறுதிச் செலவைப்போல் இரு மடங்கு. பலரும் முன்னதை விட்டுவிட்டுப் பின்னதை மட்டுமே கணக்கிடுகின்றனர். ஒதுக்கிய தொகை செலவாகாவிடில் அதுவே அடுத்த ஆண்டின் முதலீடு. செலவாக நேர்ந்தாலோ, அறியாத ஊரில், நள்ளிரவில், மருத்துவரின் வாசலில் நிற்கும்போது பணத்தை எண்ணித் தயங்காமல் நாயின் உயிரை மட்டும் எண்ணி முடிவெடுக்க அது துணை நிற்கும்.