எதிர்பாராது வந்த பணம்

எதிர்பாராமல் ஒரு சிறு தொகை நம் கைக்கு வருமாயின் அதனை எவ்வாறு செலவிடுவது? சிறிது ஆராய்வோம்.

2023 சனவரி 1 முதல் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை திங்களுக்கு 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்ந்தது. ஆணை பின்னர் வந்தமையால் நிலுவை ஒருங்கே கிடைத்தது. ஆறு திங்களுக்கு எனக்கு வந்தது 36,000 ரூபாய். புதிய கைப்பேசி வாங்கு என்றார் ஒரு நண்பர். வங்கியில் வைப்பாக இடு என்றார் மற்றொருவர். நான் கணக்கிட்டுப் பார்த்தேன்.

தங்கையின் படிப்புக்காக அப்பா வாங்கிய கடனில் 20,000 ரூபாய் எஞ்சியிருந்தது. நூற்றுக்குத் திங்களுக்கு 2 ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 4,800 ரூபாய். தம் கூலியிலிருந்தே அதனை அவர் கட்டிவந்தார். அத்தொகையை 7 விழுக்காட்டு வைப்பில் இட்டால் ஆண்டுக்குக் கிடைப்பது 1,400 ரூபாயே. ஆகவே, கடனை அடைப்பதே சிறந்த சேமிப்பு என முடிவு செய்தேன்.

அடுத்து, 10,000 ரூபாயைத் தனியே வைத்தேன். நோய் வரினும், திடீரென ஊருக்குப் புறப்பட நேரினும், மீண்டும் வட்டிக்கு வாங்காதிருக்க அது உதவும். எஞ்சியதில் 4,000 ரூபாய் நூல்களுக்கு; 2,000 ரூபாய் அம்மாவின் சேலைக்கு. மகிழ்ச்சிக்கும் கணக்கில் இடம் வேண்டுமன்றோ!

ஒன்றை மறவாதீர்கள். ஒருமுறை வந்த பணத்தை நம்பித் திங்கள்தோறும் தவணை கட்டும் பொருளை வாங்கலாகாது. பணம் தீர்ந்துவிடும், தவணை தீராது.

வரவு சிறிதாயினும் செலவு அதனை மிஞ்சாவிடின் கேடில்லை என்னும் கருத்தை வள்ளுவர் ‘பொருள் செயல்வகை’யில் வைக்கவில்லை, ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வைத்தார். தன் வலிமையை அறிந்தவனே செலவின் அளவையும் அறிவான். நாமும் அறிவோமாக!